கிராம அலுவலர் பக்கத்தில் நிற்கும்போது எப்படி மறுப்பது?

கேள்வி: பல்கலைக்கழக ஆய்வு என்று இருவர் வீட்டுக்கு வந்தார்கள். கூட்டிவந்தவர் கிராம அலுவலர். காணாமல் ஆக்கப்பட்ட என் கணவரைப் பற்றி நெடுநேரம் கேட்டார்கள். மறுத்தால் அரசின் அஸ்வெசும உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயத்தில் ஒரு தாளில் கையொப்பமிட்டேன். பிரதி தரவில்லை. மறுபடியும் வருவார்களாம். இனி மறுக்கலாமா?
– வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: தாராளமாக மறுக்கலாம், சகோதரி. காரணம்கூடச் சொல்லத் தேவையில்லை. ஆய்வுக்குப் பதில் சொல்வது அஸ்வெசும பெறுவதற்கான நிபந்தனை அல்ல.

பயத்தில் இட்ட கையொப்பத்தை நான் சம்மதம் என்று ஏற்கமாட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியை நான். ஆய்வுகளுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறை மீளாய்வுக் குழு ஒன்றில் மருத்துவம் சாராத உறுப்பினராக இருந்தவள். வன்னியில் செய்யும் ஆய்வு என்று விண்ணப்பம் வந்தால், வீட்டுக்கு யார் கூட்டிப்போகிறார் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். நிவாரணப் பட்டியலுக்குப் பெயர் சிபாரிசு செய்பவர் முற்றத்தில் நிற்கும்போது எந்தப் பெண்ணுக்கு ‘வேண்டாம்’ என்று வாய் வரும்? வழி காட்டியதும் அவர் திரும்பிவிட வேண்டும்.

உலக மருத்துவச் சங்கம் 1964இல் ஏற்ற ஹெல்சிங்கிப் பிரகடனம் பலமுறை திருத்தப்பட்டது. ஒருவர் ஆய்வு செய்யும் மருத்துவரைச் சார்ந்திருந்தாலோ, அழுத்தத்துக்குப் பணிந்து சம்மதிக்கக்கூடும் என்றாலோ, அந்த உறவுக்கு வெளியே உள்ள ஒருவரே சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது அது. மருத்துவ ஆய்வுக்காக எழுதப்பட்டதுதான். உங்கள் முற்றத்துக்கும் பொருந்தும்.

அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் நோயிருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு வைத்தியம் செய்வதாக நம்பவைத்து, நோய் முற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 1940களில் பெனிசிலின் வந்தபிறகும் அதைக் கொடுக்கவில்லை. அவர்களும் ஏழைகள், இலவச உணவும் ஈமச்செலவும் கிடைக்கும் என்று சேர்ந்தவர்கள்.

அடுத்தமுறை வந்தால் தமிழில் எழுதிய தகவல் தாளையும், நீங்கள் ஒப்பமிட்ட படிவத்தின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அனுமதி வழங்கிய குழுவின் பெயரும் தொலைபேசி எண்ணும் தாளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். முன்பு சொன்னதை நீக்கும்படியும் கேட்கலாம். பெயரை நீக்கிக் கட்டுரையாக வெளியிட்ட பிறகு அது கடினம். ஆகவே உடனே கேளுங்கள்.

பேசத்தான் மனம் சொல்கிறதா, பேசுங்கள். பாதியில் நிறுத்தவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒன்று: ஆய்வாளரிடம் சொல்வது முறைப்பாடு ஆகாது, உங்கள் கணவரைத் தேடித்தரும் அதிகாரமும் அவர்களுக்கு இல்லை. அப்படி ஒரு நம்பிக்கையைக் கொடுத்துத்தான் உங்களைப் பேசவைத்தார்கள் என்றால், அனுமதி வழங்கிய குழுவைத் தொலைபேசியில் அழைத்து முதலில் அதைச் சொல்லுங்கள்.