நெஞ்சையே திறந்த பிறகு ஸ்கேன் எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு மைட்ரல் வால்வில் (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ள கதவு) கசிவு. ஆபரேஷன் செய்து சரிசெய்யப் போகிறார்கள். அந்த நேரத்தில் வாய் வழியாகக் குழாய் விட்டு எக்கோ எடுப்பார்களாம். இதயத்தையே நேரில் பார்க்கும்போது ஸ்கேன் எதற்கு டாக்டர்? – ஒரு வாசகி

பதில்: நேரில் பார்க்கிறார்கள்தான், ஆனால் நின்றுபோன இதயத்தை. வால்வைத் தொடுவதற்கு முன் ரத்த ஓட்டத்தை இதய-நுரையீரல் எந்திரத்துக்கு மாற்றி, இதயத்தை நிறுத்திவிடுவோம். உள்ளே ரத்தம் இல்லாமல் வால்வின் இதழ்கள் துவண்டு கிடக்கும். சர்ஜன் உப்புநீரைச் செலுத்தி ஒழுகுகிறதா என்று பார்ப்பார். என்றாலும், துடிக்கும்போது எந்த இதழ் பின்னால் சரிகிறது, ரத்தம் எந்தப் பக்கம் பீறிடுகிறது என்பது துடிக்கும் இதயத்தில்தான் சரியாகத் தெரியும்.

நான் மயக்க மருந்து டாக்டர். அப்பா தூங்கியதும் விரல் பருமனுள்ள அந்தக் குழாயை உணவுக்குழாயில் இறக்குவது என் வேலை. இதயத்தின் இடது மேலறை உணவுக்குழாயை ஒட்டியே இருக்கிறது. எலும்பும் நுரையீரலும் குறுக்கே வராததால் மைட்ரல் வால்வு பளிச்சென்று தெரியும். ஒலி அலைதான், கதிர்வீச்சு கிடையாது. 'பின் இதழின் நடுப்பகுதி, அதை இழுத்துப் பிடிக்கும் நாண் அறுந்திருக்கிறது' என்று இதயத்தைத் திறக்கும் முன்பே சர்ஜனிடம் சொல்லிவிடலாம். ஒரு சிக்கல் உண்டு. மயக்கத்தில் ரத்த அழுத்தம் இறங்கினால் கசிவும் குறைத்துக் காட்டும். அதனால் மருந்து கொடுத்து அழுத்தத்தை ஏற்றிப் பார்த்த பிறகே முடிவு சொல்வேன்.

(1953-ல் ஸ்வீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர், கப்பல் கட்டும் தளத்தில் உலோக விரிசல் தேடும் கருவியை இரவல் வாங்கித்தான் இதயத்தை ஒலி அலையால் பார்த்தார்கள். எட்லர் தேடியதும் மைட்ரல் வால்வுக் கோளாறைத்தான்!)

தையல் முடிந்து இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கும்போதுதான் நான் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பேன். முதலில் திரையில் வெள்ளைப் பொட்டுகள் மிதக்கும். அவை உள்ளே மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழ்கள்; மூளைக்குப் போகாமல் வெளியேற்ற வேண்டும். அப்புறம் கசிவு. கணிசமாக மிச்சமிருந்தால் மறுபடி எந்திரத்தில் போட்டுத் திருத்தச் சொல்வேன். சர்ஜன் முகம் சுளிப்பார், பரவாயில்லை. நெஞ்சைத் தைத்து வார்டுக்கு அனுப்பிய பிறகு கண்டுபிடித்து என்ன பயன்?

அப்பாவுக்கு ஓரிரு நாள் தொண்டை வலிக்கலாம். உணவுக்குழாயில் காயம் படுவது மிக அரிது. ஆனாலும் விழுங்கச் சிரமம், உணவுக்குழாயிலோ வயிற்றிலோ முன்பு செய்த ஆபரேஷன், ரத்த வாந்தி, ஆடும் பல் இவற்றில் எது இருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பல்செட் இருந்தால் கழற்றிவிட்டு வரச் சொல்லுங்கள்.