முயல் வாங்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

மதுரையில் 11 வருடமாக வீட்டுக்குள் முயல் வளர்க்கிறேன். முதல் தடவை வாங்கப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அக்கா, ஞாயிற்றுக்கிழமை குட்டி வாங்கப் போகிறோம். கூண்டு வாங்கியாச்சு. வேறென்ன வேண்டும்? (திருச்சி)

கூண்டின் அடி கம்பிவலையா என்று முதலில் பாருங்கள். நாய், பூனை மாதிரி முயலின் பாதத்தில் மெத்தை கிடையாது, வெறும் ரோமம்தான். கம்பியில் நின்று நின்று என் முதல் முயலுக்குக் குதிகாலில் ரோமம் போய், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தோல் சிவந்து புண்ணாகிவிட்டது. ஆற இரண்டு மாதம். பழைய கோரைப்பாயை வெட்டி விரித்தால் போதும். கடித்தாலும் பாதகமில்லை.

அப்புறம் ஒரு தட்டு. முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த மூலையில் தட்டு வைத்து, நாளிதழ் விரித்து, ஓரமாகக் காய்ந்த புல்லைக் குவியுங்கள். தின்றுகொண்டே புழுக்கை போடுவது அதன் பழக்கம், அதனால் வேறு பயிற்சி அதிகம் தேவைப்படாது. மொபைல் சார்ஜர் ஒயர்களை மட்டும் இன்றைக்கே மேலே ஏற்றிவிடுங்கள்.

சார், தினம் எத்தனை கேரட் கொடுக்கலாம்? மகள் கேட்கச் சொன்னாள். (சேலம்)

நான் சார் இல்லை, அக்காதான்! தினமும் கேரட் வேண்டாம் என்று பாப்பாவிடம் சொல்லுங்கள். அதில் இனிப்பு அதிகம். வாரம் இரண்டு முறை, கட்டைவிரல் நகம் அளவு போதும். கேரட்டின் இலையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

முயலின் சாப்பாடு என்றால் புல்தான். பத்தில் எட்டுப் பங்கு அதுவாக இருக்க வேண்டும். அதன் பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். குடல் ஓடுவதும் அந்த நாரால்தான். டிமோத்தி புல் ஆன்லைனில் கிடைக்கிறது, விலைதான் கடிக்கும். நான் பிள்ளையார் கோவில் வாசலில் விற்கும் அருகம்புல்லை வாங்கி, நன்றாக அலசி, நிழலில் உலர்த்தியும் போடுகிறேன். வைக்கோல் படுக்கைக்குச் சரி, சாப்பாட்டுக்கு அதில் சத்து போதாது. குதிரை மசால் என்ற தீவனப் பயிர் குட்டிகளுக்கு நல்லது. ஆறு மாதத்துக்கு மேல் சுண்ணாம்புச் சத்து அதிகமாகிவிடும், குறைத்துவிடுங்கள். கடையில் என்ன தீவனம் தின்றதோ அதையே ஒரு வாரத்துக்கு வாங்கி வந்து, மெதுவாக மாற்றுங்கள்.

மொட்டை மாடியில் தகரக் கொட்டகை இருக்கிறது. அங்கே விடலாமா? (சென்னை)

கூடவே கூடாது. முயலுக்கு வியர்க்காது. உடம்புச் சூட்டைக் காது வழியாகத்தான் பெரும்பாலும் வெளியே விடும். 30 டிகிரியைத் தாண்டினாலே திணறும். கொடைக்கானல் மலையில் மன்னவனூர் ஆராய்ச்சி நிலையத்தில் முயல் வளர்க்கிறார்கள் என்றால், அங்கே குளிர் இருக்கிறது. உங்கள் மாடியில் மே மாதம் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் விடுங்கள். தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறைய வைத்து, துணி சுற்றிப் பக்கத்தில் வைத்தால் சாய்ந்து படுத்துக்கொள்ளும். ரொம்ப வெயிலென்றால் காதை ஈரத்துணியால் துடையுங்கள். குளிப்பாட்ட மட்டும் வேண்டாம், பயத்திலேயே உயிர் போகலாம்.

இரண்டுமே பெண் என்று கடைக்காரர் உறுதியாகச் சொல்கிறார். ஜோடியாக வாங்கலாமா, அக்கா? (ஈரோடு)

எனக்கும் ஒருவர் அப்படித்தான் உறுதியாகச் சொன்னார். அக்கா, தங்கை என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் காலையில் பார்த்தால், அக்கா தன் ரோமத்தைப் பிய்த்து மெத்தை போட்டு ஆறு குட்டி ஈன்றிருந்தது. தங்கைதான் அப்பா.

குட்டியில் ஆணா பெண்ணா என்று பார்ப்பது கஷ்டம். நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடலாம், சினை சுமார் 31 நாள், ஈன்ற அன்றே மறுபடி சினை பிடிக்கும். மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை தனித்தனியாக வையுங்கள். இரண்டு வேண்டுமென்றால் கருத்தடை அறுவை செய்துவிடுவது நல்லது.

தன் புழுக்கையைத் தானே தின்கிறது. நோயா?

இல்லை. அது வேறு வகைப் புழுக்கை, மெத்தென்று, குட்டித் திராட்சைக் கொத்து மாதிரி இருக்கும். அதிலிருக்கும் சத்து அதற்கு வேண்டும், விட்டுவிடுங்கள்.

எங்கள் தெருவில் நாய் பார்க்கும் டாக்டரே போதுமா? (கோவை)

முயல் வருவதற்கு முன்பே போனில் கேளுங்கள்: "முயல் பார்த்த அனுபவம் உண்டா?" நாய்களுக்கு உண்ணிக்கு விடும் ஃபிப்ரோனில் சொட்டு மருந்து முயலுக்கு விஷம். அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கை வாய்வழி கொடுத்தால் குடல் கெடும். இவை தெரிந்தவராக இருக்க வேண்டும். முயல் 12 மணி நேரம் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரவுக்கும் ஒரு நம்பர் வாங்கி வையுங்கள்.

அக்கா, வயலில் காட்டு முயல் குட்டி கிடைத்தது. அதையே வளர்க்கலாமா? (விருதுநகர்)

வேண்டாம் தம்பி. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், அது வேறு இனமும் கூட. தாய் விட்டுப் போய்விட்டதென்று நினைக்க வேண்டாம். பகலில் குட்டியைத் தனியாக விட்டுவிட்டு, இருட்டியபின் பால் கொடுக்க வரும். எடுத்த இடத்திலேயே, இன்றைக்கே கொண்டுபோய் வைத்துவிடு.