பீரோவுக்குள் போன ஸ்வெட்டர்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் மதுரை. கல்யாணமாகி கோத்தகிரி வந்து ஆறு வருடம் ஆகிறது. இங்கே வந்த பிறகுதான் ஊசியைக் கையில் எடுத்தேன். நீங்கள் குல்லா பின்னுவதைப் பற்றி எழுதியதைப் படித்துத்தான் முதல் குல்லாவே போட்டேன்.

போன ஆடியில் ஆரம்பித்து மூன்று மாதம் உட்கார்ந்து எங்கள் அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, ஒரு ஸ்வெட்டர் பின்னினேன். தலைவழியாகப் போடுகிற மாடல், சந்தன நிறம். உல்லன் நூல் மட்டும் 650 ரூபாய் ஆனது. அமெரிக்க வீடியோ ஒன்றைப் பார்த்து, அதில் சொன்னபடியே 8ஆம் நம்பர் ஊசி வாங்கிப் பின்னியும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் வந்தது. தீபாவளிக்குக் கொடுத்தேன். தடவிப் பார்த்து, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார்கள். மடித்து பீரோவில் வைத்தார்கள். அவ்வளவுதான். விடியற்காலையில் விறகடுப்பில் வெந்நீர் போட உட்காரும்போதும் பழைய கடை ஸ்வெட்டரைத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பனிக்காலமே முடியப்போகிறது, ஒரு நாள்கூட வெளியே எடுக்கவில்லை.

"ஊட்டியில திபெத்தியர் கடையில 400 ரூபாய்க்கு வாங்கியிருக்கலாமே" என்கிறார் என் வீட்டுக்காரர். பக்கத்து வீட்டு அக்காவோ, "நூல் காசு தர்றேன், எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு" என்கிறார். கையால் செய்து கொடுப்பதற்கு மதிப்பு இவ்வளவுதானா அக்கா? சித்திரையில் மதுரையில் என் தங்கைக்குப் பிரசவம். குழந்தைக்கு உல்லனில் ஒரு செட் போட ஆசை. ஆனால் கை ஓடவில்லை.

இன்னொரு சந்தேகம். நம் மலையிலேயே ஆடு வளர்க்கிறார்களே, நூலும் இங்கேயே கிடைக்காதா?

ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்று மாத வேலை பீரோவுக்குள் போனால் வலிக்கத்தான் செய்யும். ஆனால் அத்தைக்கு அது பிடிக்கவில்லை என்று உங்கள் கடிதத்தில் எங்கேயும் இல்லை. அவர்களால் அதைப் போட முடியவில்லை, அதுதான் இருக்கிறது. போகிற போக்கில் நீங்களே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறீர்கள்: தலைவழியாகப் போடுவது, இறுக்கம், சந்தன நிறம், விறகடுப்பு.

பெரியவர்களுக்கென்று நான் முதலில் பின்னியது என் பெரியம்மாவுக்கு. குன்னூரில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். அரக்கு நிறத்தில், உங்களுடையதைப் போலவே தலைவழியாகப் போடுகிற ஸ்வெட்டர். "தங்கமா இருக்கு கண்ணு" என்று வாங்கி, அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டார். இரண்டு குளிர்காலம் போனது. ஒரு நாள் நானே பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்து, இப்போதே போட்டுக் காட்டுங்கள் என்று பிடிவாதமாக எதிரே நின்றேன். வலது கையை நுழைத்தார். இடது கை தோள் உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. நான் பிடித்து நுழைத்தேன். கழுத்துப் பட்டி கொண்டையில் மாட்டி நின்றது. கீழே இழுத்தேன், காதுத் தோட்டில் ஒரு கண்ணி, அதாவது பின்னலின் ஒரு வளையம், சிக்கியது. முகம் முழுக்க நூலுக்குள் இருக்க, "இரு இரு, இழுக்காத" என்றார். மெதுவாகக் கண்ணியை விடுவித்துத் தலையை வெளியே கொண்டுவந்தால், நெற்றிக் குங்குமம் கழுத்துப் பட்டியில் அப்பியிருந்தது. கடைசியில் பார்த்தால் முந்தானை உள்ளேயே மாட்டிக்கொண்டது. கை துடைக்க, தலையில் போட, சில்லறை முடிய அவருக்கு முந்தானை வெளியே வேண்டும். "நல்லாத்தான் இருக்கு கண்ணு, கழட்டிரட்டுமா?" என்றார்.

அதைத் திரும்பக் கழற்றுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கிவிட்டது. இரண்டு வருடம் நான் மனத்தாங்கலாக இருந்த காரியம் இதுதான்.

ஒரு காலை நேரம் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நின்று, சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட அம்மாக்களைக் கவனித்துப் பாருங்கள். அநேகமாக எல்லோருமே முன்பக்கம் திறந்து பட்டன் வைத்ததைத்தான் போட்டிருப்பார்கள். இந்த மலையில் அவர்கள் கண்டுபிடித்து வைத்திருக்கிற வசதி அது. நாம் வீடியோவில் பார்க்கிற மாடல்கள் பேன்ட், சட்டை போடுகிறவர்களுக்காக எழுதப்பட்டவை. நூல் வாங்குவதற்கு முன்னால், போடப்போகிறவர் ஒரு நாள் முழுக்க என்னென்ன செய்கிறார் என்று பாருங்கள். எங்கே உட்காருகிறார், கை எவ்வளவு தூரம் எழும்புகிறது, யார் துவைப்பது. நிறமும் டிசைனும் அப்புறம்.

இறுக்கமாக வந்தது உங்கள் கை இறுக்கத்தால் அல்ல, ஊசி நம்பரால். நம் கடைகளில் கிடைக்கும் ஊசிகளில் பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் நம்பர்தான் இருக்கும். அதில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். 8ஆம் நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25. அமெரிக்காவில் இது தலைகீழ், நம்பர் ஏற ஏறத் தடிக்கும். அவர்களுடைய 8ஆம் நம்பர் 5 மில்லிமீட்டர். ஆக, ஒரு முழு மில்லிமீட்டர் மெலிந்த ஊசியில் நீங்கள் பின்னியிருக்கிறீர்கள். ஒரு இன்ச்சுக்கு நாலரைக் கண்ணி வந்தால் 180 கண்ணிக்குச் சுற்றளவு 40 இன்ச். அதுவே ஐந்து கண்ணி ஆகிவிட்டால் 36தான். அரைக் கண்ணியில் நாலு இன்ச் போய்விடுகிறது. இனிமேல் நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள். முதலில் நாலு இன்ச் சதுரத்துக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு துண்டு பின்னி, நனைத்துக் காயவைத்து, நடுவில் அளந்துவிட்டு அப்புறம் ஆரம்பியுங்கள்.

அடுத்தது விறகடுப்பு. இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நம் ஊரில் எல்லா நூலுக்கும் பெயர் உல்லன்தான். கடையில் போய் உல்லன் கொடுங்கள் என்றால் பெரும்பாலும் அக்ரிலிக் என்கிற செயற்கை நூலைத்தான் எடுத்து வைப்பார்கள். 650 ரூபாய்க்கு ஒரு முழு ஸ்வெட்டர் நூல் என்றால் உங்களுடையதும் அக்ரிலிக்காகத்தான் இருக்கும். அக்ரிலிக் மோசமான நூல் இல்லை. துவைக்கச் சுலபம், பூச்சி அரிக்காது, விலை கட்டுப்படியாகும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நான் அதில்தான் பின்னுகிறேன். ஆனால் நெருப்புப் பட்டால் அது உருகும். உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். ஆட்டுக் கம்பளி அப்படி இல்லை. சட்டென்று பற்றாது, நெருப்பை விலக்கினால் கருகி நின்றுவிடும். தினமும் அடுப்படியில் குனிகிறவர்களுக்கும், குமுட்டி அடுப்பைப் பக்கத்தில் வைத்துக் குளிர்காய்கிறவர்களுக்கும் நான் கம்பளி நூல் தவிர வேறெதிலும் பின்னுவதில்லை. அத்தை இப்போது போடும் கடை ஸ்வெட்டரும் அநேகமாக அக்ரிலிக்தான் என்பதால் சொல்கிறேன்.

லேபிளை நம்ப மனசில்லை என்றால் ஒரு விரல் நீளம் நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க் மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் என்றால் கறுப்பாகச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். ஆறும் வரை தொடாதீர்கள்.

சந்தன நிறம் உங்களுக்கு ஆசையாக இருந்திருக்கும். அத்தையின் கண்ணுக்கு அது கரி படும் நிறம். மருமகள் மூன்று மாதம் பின்னியதை அடுப்படியில் அழுக்காக்க யாருக்கு மனசு வரும்? தோடர் வீடுகளில் வேலைப்பாடு நிறைந்த பூத்துக்குளி என்கிற போர்வையை விசேஷத்துக்கென்றே பத்திரமாக வைத்திருப்பார்கள். சிவப்பும் கறுப்புமாக, துணியின் இழையை எண்ணி எண்ணி அந்தப் பெண்கள் போடுகிற பூவேலை அது. 2013ல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. உங்கள் ஸ்வெட்டரும் பீரோவுக்குள் அப்படித்தான் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

400 ரூபாய்க் கணக்குக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்காரர் சொல்வது தப்பில்லை. திபெத்தியர் கடை ஸ்வெட்டர் என்னிடமும் இரண்டு இருக்கின்றன, வருடக்கணக்காகப் போடுகிறேன். குளிருக்கு அது போதும். ஆனால் மலிவான கடை ஸ்வெட்டர்களில் பல, பின்னிய துணியை வெட்டித் தைத்தவை. பிரித்தால் துண்டு துண்டாகத்தான் நூல் வரும். கையால் பின்னியதைக் கண்ணி அடைத்த இடத்திலிருந்து பிரித்தால், ஆரம்பித்த கண்ணி வரை நீளமாக வந்துகொண்டே இருக்கும். நம் கைவேலையில் நூல் வீணாவதில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் முடியாது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். ஒரு பெரியவர் ஸ்வெட்டரில் உடம்பு, கை எல்லாம் சேர்த்தால் ஐம்பதாயிரம் கண்ணிக்குப் பக்கம் வரும். அதை நூல் காசுக்குக் கொடுக்க ஆரம்பித்தால், இதையே நம்பிப் பிழைக்கிற பெண்களின் கூலியையும் நாம் சேர்த்துக் குறைக்கிறோம். அவர் மேல் உங்களுக்குப் பிரியம் இருந்தால் சும்மாவே பின்னிக் கொடுங்கள். இல்லையென்றால் முழுக் கூலி கேளுங்கள்.

பெரியம்மாவுக்கு மறுபடி பின்னிய கதையையும் சொல்லிவிடுகிறேன், நூல் வாங்கும்போது உதவும். காபிக்கொட்டை நிறத்தில் கம்பளி நூல், முன்பக்கம் திறந்த மாடல். கடைசிக் கைக்கு வரும்போது 50 கிராம் குறைந்தது. அதே கடையில் போய், அதே நிற நம்பர் சொல்லி வாங்கி வந்தேன். டியூப் லைட் வெளிச்சத்தில் ஒன்றாகத்தான் தெரிந்தது. முடித்து வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்தால், அந்தக் கை மட்டும் செம்மண் பூசிய மாதிரி இருந்தது. நிற நம்பர் ஒன்றாக இருந்தாலும், சாயம் போட்ட லாட், அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதி, வேறு. லேபிளில் அந்த நம்பரும் தனியாக அச்சிட்டிருப்பார்கள். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. பெரியம்மா அதை ஒன்பது வருடம் போட்டார். யார் கேட்டாலும் அந்தக் கையை நீட்டி, "இது புதுக் கை" என்பார்.

அதனால் லாட் நம்பர் பார்த்து மொத்தமாக வாங்குங்கள். அத்தைக்கு முழுக்கை வைத்து, முன்பக்கம் திறந்த ஸ்வெட்டர் என்றால் நடுத்தரத் தடிமனில் 500 கிராம் பிடிக்கும். 600 வாங்கிவிடுங்கள். மிஞ்சியதைக் குல்லாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

நம் மலை ஆட்டைப் பற்றிக் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நீலகிரிச் செம்மறி என்றே ஓர் இனம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர்ச் செம்மறியோடு டாஸ்மேனியன் மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆடுகளைக் கலந்து உருவானது. உடுத்தும் துணிக்கு ஏற்ற மெல்லிய கம்பளி அதற்கு. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் செம்மறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கொடைக்கானல் பக்கம் மன்னவனூரிலும் மத்திய அரசின் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று இருக்கிறது. ஆனால் கத்தரித்த ரோமத்தைக் கழுவி, சீவி, நூற்று, சாயம் போட்டால்தான் நம் கைக்கு வருகிற நூல். அதற்கெல்லாம் ஆலை வேண்டும். நான் வாங்கும் நூலின் லேபிளில் எப்போதும் லூதியானா என்றுதான் இருக்கிறது. நம் மலை ஆட்டு நூலில் ஒரு ஸ்வெட்டர் பின்ன எனக்கும் வெகுநாளாக ஆசை.

தங்கை குழந்தைக்கு உல்லன் வேண்டாம். சித்திரையில், மதுரையில், பச்சைக் குழந்தைக்குக் கம்பளி போட்டால் வேர்க்குருதான் வரும். மெல்லிய பருத்தி நூலில் ஒரு போர்வை பின்னுங்கள், மின்விசிறிக் காற்றுக்கும் ஏசி அறைக்கும் ஆகும். பெரிய ஓட்டை விழுகிற டிசைன் வேண்டாம், குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ளும். கழுத்தில் ரிப்பன், கயிறு, பிய்ந்து வரக்கூடிய பட்டன் எதுவும் கூடாது. நூல் நுனிகளை உள்ளே நன்றாக ஓட்டிச் சொருகுங்கள். பிள்ளை பிறப்பதற்கு முன் பொருள் சேர்க்கக் கூடாது என்று உங்கள் வீட்டில் பார்ப்பார்கள் என்றால், பின்னி உங்களிடமே வைத்திருந்து, தொட்டில் போடும் நாளுக்குக் கொண்டுபோங்கள்.

சரி, பீரோவில் இருப்பதை என்ன செய்வது? அத்தையிடமே கேளுங்கள். அவர்கள் சம்மதித்தால் பிரித்து, ராத்திரி டிவி பார்க்கும்போது தோளில் போட்டுக்கொள்ள ஒரு சால்வையாகப் பின்னுங்கள். பிரித்த நூலை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, நனைத்து, அடியில் ஒரு சின்னச் சொம்பைக் கட்டித் தொங்கவிடுங்கள். சுருட்டை போய்விடும். கம்பளி என்றால் இட்லிப் பானை ஆவியில் காட்டலாம். அக்ரிலிக்கை ஆவியில் காட்டாதீர்கள், தொய்ந்து போய்விடும்.

காய்ந்த சிட்டத்தை உருண்டையாகச் சுற்ற இன்னொருவர் கை வேண்டும். அத்தை உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் முன்னால் நீட்டிச் சிட்டத்தை மாட்டிக்கொண்டால் போதும், தோளைத் தூக்க வேண்டியதில்லை. நீங்கள் எதிரே உட்கார்ந்து சுற்றுங்கள். அரை மணி நேரமாவது ஆகும். புது ஸ்வெட்டருக்கு எந்த நிறம், கை எவ்வளவு நீளம், கண்ணாடிக் கூட்டை வைக்கப் பாக்கெட் வலப்பக்கமா இடப்பக்கமா, எல்லாவற்றையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
அக்கா