பென்சீன் ஏன் மசியவில்லை?

அன்புள்ள அம்மா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஆறாம் படிவ (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களுக்கு வேதியியல் டியூஷன் எடுக்கிறேன். இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது புரோமினைச் சேர்த்துக்கொள்ளும், புரோமின் நீரின் நிறம் போய்விடும்; ஆறு கார்பன் வளையமான பென்சீனில் மூன்று இரட்டைப் பிணைப்பு இருந்தும் நிறம் ஏன் போகவில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். “உடனிசைவுன்னு (resonance) எழுது, மார்க் வந்துடும்” என்றேன். முகம் வாடிவிட்டது. தன் வாலைத் தானே கவ்வும் பாம்பைக் கனவில் கண்டு பென்சீன் வளையத்தைக் கண்டுபிடித்ததாகச் சொன்ன வேதியியலாளர் கெக்குலேயின் கதையிலிருந்து தொடங்கியிருக்கலாமோ? கொஞ்சம் பென்சீன் வாங்கி நேரில் செய்து காட்டவும் ஆசை.

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

பாம்பை விடு. கெக்குலே வளையத்தை வெளியிட்டது 1865இல். கனவைச் சொன்னது 1890இல், தனக்கு எடுத்த விழாவில். அந்தக் கதையால் ஒரு பிள்ளைக்கும் பென்சீன் விளங்கியதில்லை.

அந்தப் பெண் கேட்டதுதான் பென்சீனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அதைப் போய் மார்க்கைக் காட்டி அடைத்திருக்கிறாயே! “உடனிசைவு” என்பது பதிலே இல்லை. பதில் ஒரு கழித்தல் கணக்கில் இருக்கிறது. சைக்ளோஹெக்சீனும் ஆறு கார்பன் வளையம்தான், ஆனால் அதில் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு. அதில் ஹைட்ரஜனைச் சேர்த்தால் மோலுக்கு சுமார் 120 கிலோஜூல் வெப்பம் வெளிவரும். புத்தகப் படத்தில் இருப்பதுபோல பென்சீனில் உண்மையாகவே மூன்று இருந்தால் 360 வர வேண்டும். அளந்தால் வருவது 208. மீதி சுமார் 150 எங்கே என்று அவளையே கேள். பென்சீன் படத்தில் இருப்பதைவிட அவ்வளவு தாழ்ந்த ஆற்றலில், அவ்வளவு நிலையாக இருக்கிறது என்று அவளே சொல்வாள். அந்த இரட்டைப் பிணைப்புகளுக்கென்று வரையும் ஆறு எலக்ட்ரான்கள் மூன்று இடங்களில் முடங்கவில்லை, வளையம் முழுக்கப் பரவியிருக்கின்றன. ஆறு பிணைப்பும் ஒரே நீளம்: 0.139 நானோமீட்டர். ஒற்றைக்கு 0.154, இரட்டைக்கு 0.134. இரட்டைப் பிணைப்புகள் இடம் மாறி மாறி ஓடுகின்றன என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதே. எதுவும் ஓடவில்லை. இருப்பது ஒரே அமைப்பு, அதை ஒரே படத்தில் வரைய நமக்குத்தான் வழியில்லை.

இனி புரோமின் தானாக விளங்கும். புரோமின் வந்து சேர்ந்துகொண்டால் அந்த 150இல் பெரும்பகுதி போய்விடும். பென்சீன் அதற்கு மசியாது. இரும்பு புரோமைடு வினையூக்கியைச் சேர்த்து வற்புறுத்தினால் ஒரு ஹைட்ரஜனைக் கொடுத்து ஒரு புரோமினை வாங்கிக்கொள்ளும். வளையம் அப்படியே இருக்கும். ஹைட்ரஜனுக்குப் பதில் நைட்ரோ தொகுதி வந்து ஒட்டும் நைட்ரோ ஏற்றமும் இதே கதைதான், தனியாக மனப்பாடம் செய்ய வைக்காதே.

பென்சீன் வாங்கப்போவதாக எழுதியிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. புத்தி வேண்டாமா தம்பி? என் அப்பா அம்மா பால்மரம் வெட்டினார்கள். மாமா மட்டும் லயத்தை விட்டுப் பட்டணத்தில் ரப்பர் செருப்புப் பட்டறைக்குப் போனார், அடியட்டைக்குப் பசை தடவும் வேலை. ராத்திரி வந்தால் சட்டையெல்லாம் அந்த வாடை. தலை கிறுகிறுக்கிறது என்பார். வெயில் என்று பாட்டி மோர் கரைத்துக் கொடுப்பாள். பென்சீன் போல ரப்பரைக் கரைக்கும் திரவங்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவர் முகம்தான் வரும். சுவீடனில் சைக்கிள் டயர் செய்த தொழிலாளிகளின் எலும்பு மஜ்ஜை பென்சீனால் கெட்டதை 1897இலேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவின் ஒஹையோவில், ரப்பரைப் பென்சீனில் கரைத்து மெல்லிய தாள் செய்தவர்களுக்கு ரத்தப் புற்று அதிகம் வந்ததை 1977இல் காட்டினார்கள். நம் தோட்டங்களைப் போலப் பால் இறக்கும் தோட்டங்களிலிருந்து போன ரப்பர்தான் இப்படியெல்லாம் கரைந்தது. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் பென்சீனை நடத்தவே கூடாது.

சொல்வதற்கு உன் பாடத்திலேயே வழி இருக்கிறது. டொலுவீன் என்பது ஒரு மீதைல் கிளை ஒட்டிய பென்சீன் வளையம். அதைப் பெர்மாங்கனேட்டோடு சூடாக்கினால் மீதைல் கிளை பென்சாயிக் அமிலமாகும், வளையத்துக்கு ஒன்றும் ஆகாது. நம் கல்லீரலும் டொலுவீனைப் பெரும்பாலும் அப்படித்தான் பென்சாயிக் அமிலமாக்கி, சிறுநீரில் வெளியேற்றுகிறது. டொலுவீனும் நல்லதல்ல, நரம்பைக் கெடுக்கும். ஆனால் பென்சீனில் பிடித்துக்கொள்ள ஒரு கிளைகூட இல்லை. உடல் வளையத்திலேயே கைவைக்கிறது, அப்போது பிறக்கும் பொருள்கள்தான் மஜ்ஜையைத் தாக்குகின்றன. புரோமின் நீரில் அசையாத அதே பிடிவாதம், உள்ளே போனால் நமக்கு எமன். இதைக் கரும்பலகையில் எழுதி நடத்து. புட்டி வேண்டாம்.