வாசகர் கேள்விகள்: லிட்பார்ஸ்கி பயிற்சியாளராக வென்றாரா?

கேள்வி: சென்னையின் எஃப்.சி. கால்பந்து அணிக்கு 2022-23 பருவத்தில் ஜெர்மனியின் முன்னாள் முன்கள வீரர் தாமஸ் பிர்டாரிச் பயிற்சியாளராக இருந்தார். அதற்கு முன்பே, 1990 உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் அணியின் விங்கர் (மைதானத்தின் ஓரமாக ஆடும் தாக்குதல் வீரர்) பியேர் லிட்பார்ஸ்கி ஆசியாவில் பயிற்சியாளராகப் பணியாற்றியிருக்கிறார் என்று என் தந்தை சொல்கிறார். ஆட்டக்காரராகப் பெற்ற பெயரை அவர் அதிலும் பெற்றாரா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: உங்கள் தந்தை சொல்வது சரியே. 1960-இல் மேற்கு பெர்லினில் பிறந்த லிட்பார்ஸ்கி, 1978-இல் கொலோன் அணியில் சேர்ந்து, பாரிஸில் கழித்த ஒரு பருவம் நீங்கலாக 1993 வரை அங்கேயே ஆடினார். நாட்டுக்காக 73 ஆட்டங்களில் 18 கோல்கள் அடித்தார். எதிரே நிற்கும் தடுப்பாட்டக்காரரை உடலசைவால் ஏமாற்றிப் பந்தோடு கடந்து செல்வதில், அக்கால ஜெர்மனியில் அவருக்கு இணையாக இன்னொருவரை நான் சொல்லமாட்டேன்.

பின்னாளைய பயிற்சியாளரின் குணம், 1982 உலகக் கோப்பையில் பிரான்சுக்கு எதிராகச் செவியாவில் நடந்த அரையிறுதியிலேயே தெரிந்தது. முதல் கோலை அடித்தவர் அவர்தான். கூடுதல் நேரத்தில் 1-3 என்று பின்தங்கிய மேற்கு ஜெர்மனி 3-3 என்று சமன் செய்ய, முடிவு பெனால்டி ஷூட் அவுட்டுக்குப் போனது. தன் உதை தடுக்கப்பட்டு உடைந்து உட்கார்ந்துவிட்ட ஸ்டீலிக்கேயைத் தேற்றச் சென்றவர் லிட்பார்ஸ்கி. அடுத்து உதைக்க வேண்டியவரும் அவரே. சக வீரரின் துயரத்தைத் தாங்கிக்கொண்ட அதே நிமிடங்களில் தன் பொறுப்பையும் தவறாமல் நிறைவேற்றி, அந்தப் பெனால்டியை அவர் கோலாக்கினார்.

1993-இல், ஜப்பானின் தொழில்முறைக் கால்பந்துப் போட்டியான ஜே லீக் தொடங்கிய ஆண்டிலேயே, ஜெஃப் யுனைடெட் அணிக்காக ஆட ஜப்பான் சென்றார். பயிற்சியாளராக அவருடைய சிறந்த பணியும் அங்கேதான் நடந்தது என்பது என் கருத்து. யோகோஹாமா ஃப்ளூகல்ஸ் அணி மற்றோர் அணியுடன் இணைக்கப்பட்டு மறைந்தபோது, அதை ஏற்க மறுத்த ரசிகர்கள் தாங்களே பணம் திரட்டி யோகோஹாமா எஃப்.சி. என்ற புதிய அணியை உருவாக்கினார்கள். நட்சத்திரங்களோ பெருநிறுவனத்தின் ஆதரவோ இல்லாத அந்த அணிக்கு முதல் பயிற்சியாளராக வந்தவர் உலகக் கோப்பையை வென்ற லிட்பார்ஸ்கி. 1999, 2000 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மூன்றாம் நிலைப் போட்டியில் அணியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தார். 2001-இல் அது ஜே லீக்கின் இரண்டாம் பிரிவில் நுழைந்தது. தெருவில் நின்று தங்கள் அணிக்காகக் கையெழுத்து திரட்டிய ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய கோப்பை எது இருக்க முடியும்?

ஆஸ்திரேலியாவின் ஏ லீக் 2005-இல் தொடங்கியபோது, மற்றொரு புதிய அணியான சிட்னி எஃப்.சி.யைப் பொறுப்பேற்று, முதல் பருவத்திலேயே, 2006 மார்ச்சில், வாகையர் ஆக்கினார்.

கேள்வி: அப்படியானால் ஜெர்மனியில் அவர் ஏன் நிலைக்கவில்லை?
– வாசகர், பெரம்பூர்

பதில்: 2001-இல் இரண்டாம் பிரிவிலிருந்த டூயிஸ்பர்க் அணியைப் பொறுப்பேற்றார்; அடுத்த ஆண்டே அந்தப் பணி முடிந்துபோனது. சிட்னிக்குப் பின்னர் ஜப்பானின் ஃபுகுவோகா, ஈரானின் சாய்பா, லீக்டென்ஸ்டைனின் ஃபாடூஸ் என்று சுற்றி, 2010-இல் வோல்ஃப்ஸ்பர்க்கில் ஸ்டீவ் மெக்ளாரனுக்குத் துணைப் பயிற்சியாளரானார். 2011 பிப்ரவரியில் மெக்ளாரன் நீக்கப்பட்டதும் தாற்காலிகமாகத் தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. ஆனால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும் அச்சத்தில் இருந்த நிர்வாகம், மார்ச்சிலேயே ஃபீலிக்ஸ் மகாத்தை அழைத்துக்கொண்டது. ஆட்டக்காரர்களைப் பொறுமையாக வளர்த்து அணியை அடித்தளத்திலிருந்து எழுப்புவதே லிட்பார்ஸ்கியின் வலிமை என்று நான் நினைக்கிறேன். அதற்குத் தேவையான காலத்தை யோகோஹாமா கொடுத்தது, டூயிஸ்பர்க்கும் வோல்ஃப்ஸ்பர்க்கும் கொடுக்கவில்லை.