ஜாம்பி வந்தால் குக்கர் வைக்காதீர்கள்

எங்கள் குடியிருப்பு வேளச்சேரியில் இருக்கிறது. 2015 டிசம்பரில் தரைத்தளம் மூழ்கியதிலிருந்து, வருடா வருடம் மழைக்கு முன்னால் ‘பேரிடர் முன்னேற்பாடு’ என்று ஒரு கூட்டம் போடுவோம். செயலாளர், பொருளாளர், நான், அப்புறம் பஜ்ஜிக்காக வரும் இரண்டு பேர். அவ்வளவுதான் கூட்டம். இந்த வருடம் செயலாளர் லிப்டுக்குள் ‘ஜாம்பி வந்தால் என்ன செய்வது? டாக்டர் பதில் சொல்கிறார்’ என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். சினிமாவில் செத்த பிறகும் எழுந்து நடந்து மனிதரைக் கடிக்குமே, அந்த ஜாம்பி. நாற்காலி பற்றவில்லை. பஜ்ஜியும்தான்.

இது புதுத் தந்திரம் இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011 மே மாதம் இதையே செய்தது. புயலுக்குத் தண்ணீர் பிடித்து வையுங்கள் என்றால் கொட்டாவி விடுகிற ஜனம், ஜாம்பிக்குத் தண்ணீர் பிடித்து வையுங்கள் என்றதும் மொய்த்துவிட்டது. மொய்த்த மொய்ப்பில் அவர்களுடைய இணையப் பக்கமே படுத்துவிட்டது.

நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. 31 வருடம் அரசு கால்நடை மருத்துவராக இருந்தவன். கடி வாங்கியிருக்கிறேன், உதை வாங்கியிருக்கிறேன், செத்த மாட்டை அறுத்துப் பார்த்துக் காரணம் எழுதியிருக்கிறேன். அதனால் ஜாம்பி விஷயத்தில் மற்ற டாக்டர்களைவிட நானே தோது. சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன். அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்திருக்கிறேன்.

டாக்டர் சார், முதலில் இது நடக்கிற காரியமா? (ஏ பிளாக், வங்கியில் ஓய்வு பெற்றவர்)

செத்தவர் எழுந்து நடப்பது நடக்காது சார். தசை அசைய வேண்டுமானால் உள்ளே ரத்தம் ஓட வேண்டும். அது நின்ற சில மணி நேரத்தில் உடம்பு கட்டை மாதிரி விறைத்துவிடும். விறைப்பு விட்ட பிறகு அழுகல்தான்.

ஆனால் உயிரோடு இருக்கிற ஒன்றின் மூளையை இன்னொன்று பிடித்துக்கொண்டு ஆட்டுவிப்பது தினமும் நடக்கிறது. வெப்பமண்டலக் காடுகளில் ஒரு பூஞ்சை எறும்பின் உடம்புக்குள் புகுந்துவிடும். எறும்பு புற்றை விட்டுக் கிளம்பி, ஒரு செடியில் ஏறி, இலை நரம்பைக் கவ்விக்கொண்டு செத்துப்போகும். பிறகு அதன் தலையைப் பிளந்துகொண்டு பூஞ்சை கொம்பு மாதிரி முளைக்கும். பச்சை மரகதம் போல மின்னும் குளவி ஒன்று இருக்கிறது. அது கரப்பான்பூச்சியின் மூளையில் குறி தவறாமல் கொட்டும். கரப்பான் சாகாது, கால் நன்றாகவே இருக்கும். ஆனால் தானாக நடக்கத் தோன்றாது. குளவி அதன் மீசையைக் கவ்வி, மூக்கணாங்கயிறு பிடித்து மாட்டை ஓட்டிப்போவது போலத் தன் பொந்துக்கு நடத்திப் போகும். உள்ளே கொண்டுபோய் அதன் மேல் முட்டையிட்டு வாசலை அடைத்துவிடும். மிச்சத்தைச் சொன்னால் பஜ்ஜி இறங்காது.

மனிதரில் இதற்குப் பக்கத்தில் வருவது ஒன்றே ஒன்றுதான், வெறிநாய்க்கடி. கடி வழியாகப் பரவும், நரம்பு வழியாக மூளைக்கு ஏறும், எச்சிலில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஜாம்பிக் கதை எழுதுகிறவர்கள் இதைப் பார்த்துத்தான் எழுதுகிறார்களோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

ஊட்டியில் எங்களுக்கு ஒரு காட்டேஜ் இருக்கிறது. செய்தி வந்த உடனே கிளம்பிவிட்டால்? (டி பிளாக், பெயர் வேண்டாம் என்கிறார்)

பெயர் போடாவிட்டாலும் ஊட்டியில் காட்டேஜ் யாருக்கு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும் சார்.

போகாதீர்கள். ஊட்டி ஒரு பெரிய ஃபிரிட்ஜ். நாம் ஏன் மீனை ஃபிரிட்ஜில் வைக்கிறோம்? அதே காரணத்தால் அங்கே ஜாம்பியும் கெடாமல் பல நாள் நடமாடும். சென்னைப் புழுக்கத்தில் அதன் பாடு வேறு. சித்திரை மாதம் ஒரு மாடு செத்தால் மறுநாள் காலைக்குள் வயிறு உப்பி, நாலு காலும் விறைத்து நிற்கும். ஈ மொய்த்து முட்டை போட்டிருக்கும், ஒரு நாளில் புழு நெளியும். பிரேதப் பரிசோதனைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். அக்னி நட்சத்திரத்தில் வேளச்சேரியில் அலைகிற ஜாம்பிக்கு இரண்டாம் வாரம் கை கழன்று விழுந்துவிடும். நாம் வருடம் முழுக்கத் திட்டித் தீர்க்கிற வெயில் ஒரு தடவையாவது நம் பக்கம் நிற்கட்டுமே.

அப்புறம், எப்படிப் போவீர்கள்? பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் பெருங்களத்தூரைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஜாம்பி நடந்து வந்தே உங்கள் காரைப் பிடித்துவிடும்.

எத்தனை நாளைக்கு மளிகை வாங்கி வைக்க வேண்டும்? (சி பிளாக், மூன்று குழந்தைகளின் அம்மா)

மளிகைக்கு முன்னால் தண்ணீர் அம்மா. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர், குடிக்கவும் வாய் கொப்பளிக்கவும். நாலு பேருக்கு இரண்டு வாரம் என்றால் 224 லிட்டர். ஒரு நீல டிரம், இரண்டு குடம். ‘கீழே சம்ப் இருக்கிறதே’ என்பீர்கள். கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது. 2015-இல் சம்ப்பும் சாக்கடையும் ஒன்றாகக் கலந்து நின்றதை மறந்துவிட்டோமா? அந்த ஐந்து நாளும் நான் குளித்தது எட்டு சொம்புத் தண்ணீரில். தெளிந்த தண்ணீரானாலும் கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது தளதளவென்று கொதிக்க விட்டுத்தான் குடிக்க வேண்டும்.

மளிகையில் அவல் முதலிடம், ஏனென்றால் ஊறவைத்தால் போதும், அடுப்பே வேண்டாம். பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், சத்துமாவு, ஊறுகாய், கடலை மிட்டாய். உப்பும் சர்க்கரையும் கலந்து குடிக்கிற பொட்டலம், அதாவது ஓ.ஆர்.எஸ்., பத்தாவது இருக்கட்டும். ஜாம்பி வருவதற்கு முன்னால் வயிற்றுப்போக்கு வந்துவிடும்.

முக்கியமான ஒன்று, குக்கர் வைக்காதீர்கள். ஜாம்பி சத்தத்துக்கு வருகிற ஜந்து. காலை எட்டு மணிக்கு நம் குடியிருப்பில் நின்று கேட்டிருக்கிறீர்களா? முதல் மாடியில் ஒரு விசில் கிளம்பும். அதற்கு எதிர்ப்பாட்டு மாதிரி மூன்றாம் மாடியில் ஒன்று. பிறகு நாலு பிளாக்கும் சேர்ந்துகொள்ளும், தாம்பரம் வரை கேட்கும். அரிசியை அரை மணி நேரம் ஊறவைத்து, கனமான தட்டு போட்டு மூடிக் கஞ்சி வடிப்பதுதான் பாதுகாப்பு. பருப்பு வேக நேரமாகும், பாசிப்பருப்புக்கு மாறிவிடுங்கள். மிக்ஸி கூடாது, அம்மி. அம்மி இல்லாதவர்கள் எங்கள் வீட்டுக்கு வரலாம், ஆனால் இரண்டு தட்டு தட்டிவிட்டு உள்ளே வரவும்.

கருவாடு பற்றி ஒருவர் தனியாகக் கேட்டார். வறுக்கலாம். அந்த வாசனையில் மனித வாசனை ஜாம்பிக்குத் தெரியாது. கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கடித்துவிட்டால்? கையை வெட்டிவிட வேண்டுமா? (கல்லூரி மாணவர், பி பிளாக்)

ஏன் தம்பி, எடுத்த எடுப்பில் வெட்டா? முதலில் சோப்பு. குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் துணி சோப்போ குளியல் சோப்போ போட்டுக் காயத்தை 15 நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். சும்மா கழுவினால் எல்லோரும் ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. கட்டுப் போட்டு மூடக் கூடாது.

இது ஜாம்பிக்கு உதவுமோ இல்லையோ, நாய்க்கடிக்கு உயிரைக் காக்கும். கழுவிய கையோடு அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி. முதல் ஊசி போட்ட நாளைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், தோலில் போடுகிற முறையில் 3, 7, 28 ஆகிய நாட்களில் மறுபடி. ரத்தம் வந்த கடி என்றால் காயத்தைச் சுற்றிப் போடுகிற மருந்தும் உண்டு, கேட்டு வாங்குங்கள். நோய் முற்றித் தண்ணீரைக் கண்டு பயப்படுகிற நிலை வந்துவிட்டால் பிறகு காப்பாற்ற வழி இல்லை.

ஜாம்பிக் கதைகளில் எப்போதும் ஒருவன் கடிபட்டதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு கூட்டத்தோடு வருவான். எல்லோரும் அவனைத் திட்டுவோம். ஒருமுறை கிராமத்தில் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து காட்டினார்கள். வாயில் நுரை, நடை தள்ளாட்டம். யாரையாவது கடித்ததா என்று கேட்டேன். இல்லை இல்லை என்றார்கள். அந்த வீட்டுப் பையனுக்கு ஏழெட்டு வயது இருக்கும். அவ்வளவு வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டு வரை பட்டன் மாட்டியிருந்தான். ‘அப்பா அடிப்பார்’ என்றான். அன்றைக்கே பைக்கில் உட்கார வைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். ஊசி எல்லாம் முழுசாகப் போட்டான். இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள். உங்கள் பிள்ளைகளிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள், கடி வாங்கினால் அடி கிடையாது என்று.

தாத்தா, ஜாம்பி சைவமா அசைவமா? (இரண்டாம் வகுப்பு)

நல்ல கேள்வி. இதை அமெரிக்க ராணுவமே யோசித்திருக்கிறது கண்ணு. விளையாட்டு இல்லை, 2011-இல் அவர்களுடைய வியூகப் படைத்தலைமை 8888 என்று எண் போட்டு ஜாம்பிக்கு எதிராக ஒரு போர்த்திட்டம் எழுதியது. இளம் அதிகாரிகளுக்குத் திட்டம் தீட்டச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நிஜ நாட்டின் பெயரைப் போட்டால், உண்மையிலேயே படையெடுக்கப் போகிறார்கள் என்று யாராவது நினைத்துக்கொள்வார்கள். அதனால் ஜாம்பி. அதில் சைவ ஜாம்பி என்று ஒரு வகையே உண்டு. மனிதரைத் தொடாது, செடிகொடியைத்தான் தின்னும். உன் பாட்டியின் மாடித்தோட்டத்துக்குத்தான் ஆபத்து.

கோழி ஜாம்பியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. உண்மையிலேயே இருப்பது அது ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறார்கள். முட்டையிட்டு ஓய்ந்த கோழிகளை வாயு வைத்துக் கொன்று எருக்குழியில் போட்டால், சரியாகச் சாகாத சில கோழிகள் குப்பையைக் கிளறிக்கொண்டு வெளியே நடந்து வருமாம். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. கோழியை நான் என்றைக்குமே நம்பியதில்லை.

நான் ஐடியில் இருக்கிறேன். ஜாம்பி வந்தாலும் வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொல்வார்களா? (பி பிளாக், இரவுப் பணி)

சிரித்தீர்கள், ஆனால் ஜாம்பியின் பூர்வீகமே அதுதான் தம்பி. கடிக்கிற ஜாம்பி பிற்பாடு சினிமாக்காரர்கள் சேர்த்தது. அசல் ஜாம்பி ஹெய்ட்டி நாட்டுக்காரர். அது யாரையும் கடிக்காது. வேலை செய்யும்.

ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளைப் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே கரும்புத் தோட்டங்களில் சாகும்வரை பிழிந்தார்கள். 1804-இல் அந்த மக்களே போராடி விடுதலை வாங்கினார்கள். அங்கே உள்ள நம்பிக்கைப்படி, மந்திரவாதி ஒருவன் செத்தவரை எழுப்பித் தன் வயலில் வேலை வாங்குவான். கூலி கிடையாது, எதிர்ப்பேச்சு கிடையாது, ஓய்வு கிடையாது. அவர்களுக்கு ஜாம்பியிடம் பயம் இல்லை, ஜாம்பி ஆகிவிடுவோமோ என்றுதான் பயம். செத்தால்கூட வேலை விடாதோ என்ற பயம்.

இதில் எனக்குப் பிடித்தது இனிமேல்தான். அந்த ஜாம்பிக்குச் சாப்பாட்டில் உப்புப் போட மாட்டார்களாம். தப்பித்தவறி உப்பு நாக்கில் பட்டுவிட்டால் அதற்குத் தான் யார் என்பது ஞாபகம் வந்து, வேலையைப் போட்டுவிட்டுத் தன் குழியைத் தேடிப் போய்விடுமாம். ‘சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிற?’ என்று நம் ஊரில் ரோஷம் இல்லாதவனைக் கேட்பது உலகின் அந்தக் கோடியிலும் பொருந்துகிறது பாருங்கள். உங்கள் அலுவலகக் கேன்டீன் சாம்பாரில் உப்பு இருக்கிறதா என்று நாளைக்குக் கவனித்துச் சொல்லுங்கள்.

வேதாளமும் ஜாம்பியும் ஒன்றுதானே? (ஏ பிளாக், ஓய்வுபெற்ற தமிழாசிரியை)

இல்லை அம்மா. வேதாளம் முருங்கை மரத்தில் தொங்கும், கதை சொல்லும், கேள்வி கேட்கும், பதில் சரியாக இருந்தால் மறுபடி மரத்தில் ஏறிக்கொள்ளும். வகுப்பு எடுக்கிற பேய் அது. ஜாம்பிக்கு அந்தப் படிப்பெல்லாம் இல்லை.

ஆயுதம் என்ன வைத்துக்கொள்வது? (மறுபடி அதே கல்லூரி மாணவர்)

அரிவாள் வேண்டாம் தம்பி. கிட்டப் போய் வெட்டினால் ரத்தம் முகத்தில் தெறிக்கும், பிறகு சோப்புக்கு ஓட வேண்டும். ஆடு மேய்ப்பவர்கள் கிளை வளைக்கிற தொரட்டி இருக்கிறதே, அதுபோல நீளமான எதுவானாலும் நல்லது. அதைவிட நல்லது ஒரு கதவு. மாட்டாஸ்பத்திரி வாசலில் இரும்புக் குழாயில் ஒரு அடைப்பு இருக்கும், டிராவிஸ் என்போம். எவ்வளவு முரட்டுக் காளையும் அதற்குள் நுழைந்துவிட்டால் திரும்ப முடியாது. நம் மாடிப்படியும் அந்த அகலம்தான். முதல் மாடி கிரில்லைப் பூட்டிவிட்டால் ஒவ்வொன்றாகத்தான் வரும்.

காலம் முழுக்க ஒளிந்திருக்கவும் முடியாது. கனடாவில் ஒட்டாவாவைச் சேர்ந்த கணித ஆய்வாளர்கள் 2009-இல் ஜாம்பியைத் தொற்றுநோய்க் கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். பூட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அழிவு தள்ளிப்போகுமே தவிர நிற்காது. சீக்கிரமாகவும் அடுக்கடுக்காகவும் திருப்பி அடித்தால்தான் மனிதருக்கு வழி என்று விடை வந்தது. அவர்கள் கணக்கில் சித்திரை வெயிலைச் சேர்க்கவில்லை.

சார், கிரில்லைப் பூட்டினா நான் எந்தப் பக்கம் சார்? (காவலாளி)

கூட்டம் முடிகிற நேரத்தில், தேநீர் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே கேட்டார். ஒன்றரை மணி நேரம் பூட்டு, சாவி, கிரில், படி என்று பேசியிருக்கிறோம். கேட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்பது எனக்கும் தோன்றவில்லை. செயலாளர் தன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்.

உள் பக்கம்தான் அண்ணே. முதல் ஆளாக நீங்கள் மேலே வந்து, எண்ணிப் பார்த்து, நீங்களே பூட்டுங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு பாய் இருக்கிறது, அவல் ஐந்து பேருக்குப் போதும். சைக்கிளையும் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். பெல்லை மட்டும் கழற்றிவிடுங்கள், சத்தம் ஆகாது.