ஆயுள் காப்பீட்டைத் தொண்டு நிறுவனத்துக்கு அளிக்க நாமினி மாற்றம் போதுமா?

கேள்வி: பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது எடுத்த முழு ஆயுள் பாலிசிக்குப் பிரீமியம் முழுவதையும் கட்டி முடித்துவிட்டேன். கணவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கிறார்கள். என் காலத்துக்குப் பின் வரும் தொகை, பார்வையற்ற குழந்தைகளுக்குக் கல்வி தரும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குச் சேர வேண்டும். நாமினி பெயரை மாற்றினால் போதுமா?

பதில்: உங்களை நம்பி வாழ்பவர் எவரும் இல்லை என்பதை முதலிலேயே எழுதியிருக்கிறீர்கள், இந்தத் தானத்துக்கு அதுவே முதல் தகுதி. பிரீமியம் கட்டி முடித்த பாலிசி என்பதும் நல்லதே. தவணை மீதமிருக்கும் பாலிசியை வாங்கிக்கொள்ளும் நிறுவனம், கொடுத்தவர் கட்டாமல் விட்டுவிட்டால், அதைக் காலாவதியாக விடுவதா, தன் பணத்தைப் போட்டுத் தொடர்வதா என்று தடுமாற நேரும்.

நாமினி மாற்றம் போதுமா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். பல நாடுகளில் பயனாளியாகப் பெயர் குறிக்கப்பட்டவருக்கே தொகை சொந்தமாகிவிடும். இந்தியாவிலோ, நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை மட்டுமே, உரிமை வாரிசுகளுக்கே என்று உச்ச நீதிமன்றம் 1984-இல் தீர்ப்பளித்தது. 2015-இல் வந்த சட்டத் திருத்தம் பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் ஆகிய நாமினிகளுக்கு உரிமையை வழங்கியதே தவிர, தொண்டு நிறுவனங்களை அந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆகவே அங்கே வெறும் நாமினி மாற்றத்தை நம்பினால், நாளை வாரிசு ஒருவர் உரிமை கோரும்போது உங்கள் விருப்பம் வழக்கில் சிக்கக்கூடும்.

உறுதியான வழி, பாலிசியையே தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு முழுமையாக உரிமை மாற்றம் செய்து, அதைக் காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்துமூலம் பதிவு செய்வதாகும். ஆனால் கையெழுத்திடுமுன் ஒன்றை நன்றாக யோசியுங்கள். நாமினியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். முழு உரிமை மாற்றத்தை நீங்களாகத் திரும்பப் பெற முடியாது. அதன்பின் அவசர மருத்துவச் செலவுக்கு அந்தப் பாலிசியின் மீது கடன் வாங்கவும் முடியாது, சரண்டர் செய்யவும் (முன்கூட்டியே பாலிசியை முடித்துப் பணம் பெறவும்) முடியாது. அந்த உரிமைகள் அனைத்தும் தொண்டு நிறுவனத்தைச் சேர்ந்தவை. அது விரும்பினால் மறுநாளே சரண்டர் செய்து, உங்கள் காலத்துக்குப் பின் கிடைக்கக்கூடியதைவிடக் குறைந்த தொகையைப் பெற்றுக்கொள்ளலாம். எனவே உங்கள் நோக்கத்தை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லி, ஏற்பைக் கடிதமாகப் பெறுங்கள். முதுமைக்கான சேமிப்பு தனியாக இல்லையென்றால், இப்போதைக்கு உரிமை மாற்றம் வேண்டாம் என்பதே என் கருத்து. தொகையை நிறுவனத்துக்கு உயிலில் எழுதி வைப்பது, மனம் மாறினால் திருத்திக்கொள்ள இடம் தரும்.

படிவத்தில் நிறுவனத்தின் பதிவுப் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். ஊரார் வழங்கும் பெயர் உதவாது. வரிச் சலுகையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. கனடாவில் தொண்டு நிறுவனமே பாலிசியின் உரிமையாளராகவும் பயனாளியாகவும் ஆனபின் கொடையாளி தொடர்ந்து செலுத்தும் பிரீமியத்துக்கு நன்கொடை ரசீது கிடைக்கும். பயனாளியாக மட்டும் குறித்தால் கிடைக்காது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளைகளிடம் சொல்லுங்கள். நீங்கள் மறைந்த செய்தி காப்பீட்டு நிறுவனத்துக்குத் தானாகத் தெரியாது. தொண்டு நிறுவனம் கிளைம் செய்வதற்குத் தேவையான இறப்புச் சான்றிதழ் பெரும்பாலும் குடும்பத்தாரிடமிருந்தே வர வேண்டும். விவரமறியாத மகனும் மகளும் அதிர்ச்சியோடு பத்திரத்தைப் பார்க்கும் நிலை, உங்கள் நல்லெண்ணத்துக்கு நேரக் கூடாது.

கேள்வி: தொண்டு நிறுவனமே என் உயிர்மீது புதிய பாலிசி எடுக்க, நான் பிரீமியம் கட்டலாமா?

பதில்: பல இடங்களில் இயலாது. தொடர்பில்லாத பிரமுகர்களின் உயிர்மீது காப்பீடு எடுத்துச் சூதாடும் வழக்கத்தைத் தடுக்க, இங்கிலாந்தில் 1774-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஒருவர் உயிரோடு இருப்பதில் சட்டம் ஏற்கும் நலன் உள்ளவரே அவர்மீது பாலிசி எடுக்கலாம் என்ற அந்த விதி இன்றும் பல நாடுகளில் நிலைத்திருக்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்கள், கொடையாளி சம்மதித்தால் தொண்டு நிறுவனங்களுக்கு விலக்கு அளித்துள்ளன. உங்களுக்காக நீங்களே நல்லெண்ணத்துடன் எடுத்த பாலிசியைப் பின்னர் மாற்றிக் கொடுப்பதற்குப் பொதுவாக இந்தத் தடை பொருந்தாது.